பென்சிலுக்கு முன்னால் புளியங்கொட்டை

பேத்தியைப் பால்வாடியில் சேர்க்க வந்த தாத்தா ஒருவர், "டீச்சர், இவ நூறு வரைக்கும் சொல்லுவா" என்றார். சொன்னாள், மூச்சு விடாமல். நான் ஒரு கை புளியங்கொட்டையைக் கீழே கொட்டி, "ஏழு எடுத்துக் குடு தாயி" என்றேன். அள்ளிக் கொடுத்தாள். எண்ணினால் 12. தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. குழந்தை மேல் தப்பே இல்லை. அவளுக்கு நூறு வரை ஒரு பாட்டுத் தெரியும், ஏழு தெரியாது. அவ்வளவுதான்.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் 22 வருடமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பூக்காடு நிறைந்த ஊர். தாய்மார்கள் விடியுமுன் மல்லி பறிக்கப் போய்விட்டு, வந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். அவர்களும் சரி, புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களும் சரி, முதலில் கேட்பது "எப்போ எழுத வைக்கலாம்?" என்பதுதான். முதலில் வாய், அப்புறம் கை, பென்சில் கடைசியில் என்று சொல்வேன். இதனாலேயே "அங்க நோட்டே குடுக்க மாட்டாங்க" என்று சில பிள்ளைகளைக் கான்வென்டுக்கு மாற்றியதும் உண்டு.

எண்ணுவதிலிருந்து தொடங்குகிறேன், பெரியவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். 5 கொட்டைகளை வரிசையாக வையுங்கள். குழந்தை ஒவ்வொன்றாகத் தொட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளி எண்ணட்டும். வெறும் விரலால் காட்டி எண்ணினால் ஒன்றை இரண்டு தடவை எண்ணும், இன்னொன்றை விட்டுவிடும். முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்றால் சரி. மறுபடி ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. திட்டாதீர்கள். நீங்களே எண்ணி, "மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு கொட்டை" என்று எல்லாவற்றையும் கையால் வளைத்துக் காட்டுங்கள். பிறகு அதே ஐந்தை அகலப் பரப்பி, "இப்போ எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பரப்பினால் கூடிவிட்டது என்று நம்பும் பிள்ளைகள் நிறையப் பேர்.

அடுத்தது சிரட்டை விளையாட்டு. 5 கொட்டையில் 2-ஐ வெளியே விட்டு, மீதியைச் சிரட்டையால் மூடி, "உள்ள எத்தனை?" என்று கேட்க வேண்டும். இதற்கு அலுப்பே வராது. கழித்தல் என்ற வார்த்தையே இல்லாமல், 5 என்றால் 2-ம் 3-ம், 4-ம் 1-ம் என்பது விரல் நுனிக்கு வந்துவிடும். 10 வரை இப்படியே ஆறு மாதம் போகட்டும். நூறுக்கு என்ன அவசரம்?

முட்டை போடும் நாளில் தட்டு வைப்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு முட்டை. "இன்னைக்கு ரெண்டு பேர் வரல, அப்ப எத்தனை மிஞ்சும்?" சோற்று விஷயம் என்பதால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

எண்ணும்போது ரெண்டு, மூணு, அஞ்சு என்றே சொல்லட்டும். நம் எண் சொற்கள் பிள்ளைகளுக்கு நல்ல துணை. இருபத்தி ஒண்ணு என்ற பெயரிலேயே இருபதும் ஒன்றும் இருக்கின்றன. பதிமூணும் முப்பதும், தர்ட்டீனும் தர்ட்டியும் போலக் காதைக் குழப்பாது. ஒரே ஒரு பள்ளம் தொண்ணூறு. எண்பத்தொன்பதுக்குப் பிறகு "எண்பத்திப் பத்து" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இருபது, முப்பது என்று எல்லாம் பது, பது என முடிந்துவரும்போது, தொண்ணூறு என்ற பெயரில் மட்டும் திடீரென்று நூறு வந்து நின்றால் பிள்ளை என்ன செய்யும்?

பூ கட்டும் வீட்டுப் பிள்ளைகள் என்பதால் வரிசை முறை சொல்லித்தர எனக்குச் சிரமமே இல்லை. மல்லி, மல்லி, கனகாம்பரம், மல்லி, மல்லி. அடுத்தது என்ன? பூ கிடைக்காவிட்டால் இலையும் கல்லும் போதும். அளப்பதற்கு முழம். ஒரு நாள் ஜமுக்காளத்தை என் கையால் அளந்தால் 5 முழம், ஒரு குட்டிப் பையன் தன் கையால் அளந்தால் 9. "டீச்சர் தப்பா அளக்குறாங்க" என்று அவன் முறையிட, அரை நாள் பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் ஒரு குச்சியைக் கொண்டுவந்து, எல்லோரும் அதை வைத்தே அளக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பேச்சுக்கு வருவோம். "இது என்ன கலர்? இது என்ன மிருகம்?" என்று பரீட்சை வைப்பதுபோலக் கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் குழந்தை ஓடிவிடும். அது "நாய்" என்றால் நீங்கள் "ஆமா, கருப்பு நாய், நொண்டிக்கிட்டே போகுது, கால்ல என்னவோ?" என்று நீட்டுங்கள். அப்புறம் சும்மா இருங்கள். அது பதில் தேடும் நேரத்தில் நாம் குறுக்கே பேசிக் கெடுத்துவிடுகிறோம்.

கதைப் புத்தகத்தை எடுத்தால் இன்னொரு சிக்கல். நான்கு வயதில் நம் பிள்ளை முதன்முதலாக இன்னொரு தமிழைச் சந்திக்கிறது. வீட்டில் காக்கா பறந்து போயிருச்சு, புத்தகத்தில் காகம் பறந்து சென்றது. நான் அச்சில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு, உடனே நம் பேச்சிலும் சொல்வேன். இரண்டும் காதில் விழட்டும். வாளப்பளம் என்று சொன்னால் நிறுத்தித் திருத்த மாட்டேன். "ஆமா, வாழைப்பழம், மஞ்ச வாழைப்பழம்" என்று சரியாகத் திருப்பிச் சொல்வதோடு சரி. வடை கதையில் காக்கா ஏன் வாயைத் திறந்தது என்று கேட்டால், "அதுக்கும் பாட்டுப் பாட ஆசைதான்" என்றது ஒரு பிள்ளை. நரி ஏமாற்றிவிட்டது என்ற பதிலைவிட எனக்கு இது பிடித்திருந்தது.

எழுத்துக்கு முன் ஒலி. க-ன-காம்-ப-ரம் என்று கையால் ஐந்து தட்டு, மல்-லி என்றால் இரண்டு. மாடு, மூக்கு, மல்லி என்று சொல்லும்போது உதடு ஒட்டுகிறதா பார் என்று கண்ணாடி கொடுப்பேன். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம், அ-விலிருந்து தொடங்கவும் வேண்டாம். சுழி போட்ட அந்த எழுத்து சின்னக் கைக்குக் கஷ்டம். ட இரண்டு கோடு, ப மூன்று கோடு, ம-வில் ஒரு வளைவு. இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு படம், மடம், பட்டம் என்று வாசித்துவிடலாம். கூடவே அவரவர் பெயர் எழுதிய அட்டை. வந்தவுடன் தன் அட்டையை எடுத்து ஆணியில் மாட்டினால் அதுதான் வருகைப் பதிவு. இந்தக் காலத்துப் பெயர்களால், என் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் அடையாளம் காண்பது ஜ-வும் ஹ-வும்தான்!

எழுதுவது மணல் தட்டில், ஒற்றை விரலால். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோமே, அதையே தினமும் செய்கிறோம். விரலில் பிடி வரக் கடலை உரிப்பது, பூண்டு உரிப்பது, கோலப்பொடி இழுப்பது எல்லாம் நல்லது. பென்சில் அதற்கப்புறம் வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் புளியங்கொட்டையைத் தராதீர்கள், பெரிய மூடியோ கட்டையோ கொடுங்கள். மற்றவர்களிடம் கொடுக்கும்போது 20 என்று எண்ணிக் கொடுத்து, திரும்ப 20 வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களையே எண்ணச் சொல்லி. ஒன்று குறைந்தால் பாய்க்கு அடியில் தேடுவதற்கு முன் எல்லோர் மூக்கையும் பார்த்துவிடுங்கள்.