உருக்கி ஒட்டும் கண்ணாடி: தவறு ஓரிடம், விரிசல் வேறிடம்

கிளாஸ் ஃப்யூசிங்கில், அதாவது கண்ணாடித் தகடுகளைச் சூளையில் உருக்கி ஒட்டும் கலையில், இறங்குபவர்களை ரொம்பவும் குழப்புவது, தவறு நடக்கும் இடமும் அது கண்ணுக்குத் தெரியும் இடமும் வேறுவேறாக இருப்பதுதான். மேசையில் அடுக்கும்போது விட்ட பிழை சூளைக்குள் தெரியும். சூளையில் காட்டிய அவசரம் கண்காட்சி விளக்கின் சூட்டில் விரிசலாக வரும். சில நேரம், வாங்கிப் போனவர் வீட்டு அலமாரியில், யார் கையும் படாமல் ஒருநாள் ‘டக்’கென்று பிளக்கும். உடனே விளக்கைக் குறை சொல்கிறோம், பார்சல் கொண்டுபோனவரைக் குறை சொல்கிறோம். அடுத்த வேலையிலும் அதே தவறு தொடர்கிறது.

ஒட்டிக்கொண்டதும் பொருந்திவிட்டது என்று நம்புவது

சூடேறினால் கண்ணாடி விரியும், ஆறினால் சுருங்கும். எவ்வளவு என்பது கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். அதைச் சொல்லும் எண்தான் சிஓஇ (விரிவுக் கெழு). ஃப்யூசிங்கில் அதிகம் புழங்குபவை 90, 96 என்ற இரண்டு வகைகள். டார்ச் நெருப்பில் மாலை கோக்கும் கண்ணாடி மணி செய்பவர்கள் வைத்திருக்கும் மென்கண்ணாடி 104. ஆய்வகக் குடுவைகளின் போரோசிலிக்கேட் சுமார் 33. ஜன்னல் கண்ணாடி 80களில் நிற்கும், அதுவும் ஆலைக்கு ஆலை மாறும்.

90ஐயும் 96ஐயும் சேர்த்து உருக்கினால் சூளைக்குள் அழகாகவே ஒட்டிக்கொள்ளும். வில்லங்கம் ஆறும்போதுதான். ஒன்று கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். சூளையைத் திறந்ததும் உடையலாம், பல வாரம் கழித்தும் உடையலாம்.

எண் ஒன்றாக இருந்தாலே போதும் என்பதும் பாதி உண்மைதான். குறைந்த வெப்பத்தில் அளந்த சராசரி விரிவைத்தான் அந்த எண் சொல்கிறது. கண்ணாடி இறுகும் வெப்பநிலையில் அதன் பாகுத்தன்மை எப்படி இருக்கிறது என்பதும் பொருத்தத்தைத் தீர்மானிக்கும். ஆகவே எண்ணை விட, பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே சோதித்து விற்கும் தகடுகளை நம்புவது மேல். இப்படிச் சோதித்த வண்ணத் தகடுகள் கிடைக்கத் தொடங்கியதே அண்மைக்காலத்தில்தான். ஜெர்மானியக் கலைஞர் கிளவுஸ் மோயே 1979இல் அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்கு வந்தபோது போர்ட்லாந்தின் புல்ஸ்ஐ நிறுவனத்தாரைச் சந்தித்தார். ஒன்றோடொன்று பொருந்தும் தகடுகளை உருவாக்க அவர்கள் முனைந்ததற்கு அந்தச் சந்திப்பு ஒரு முக்கியத் தூண்டுதல்.

சந்தேகமான கண்ணாடி கையில் இருந்தால் சோதிக்க வழி இருக்கிறது. நிறமற்ற தகட்டின் மேல் அதன் சிறு சில்லை வைத்து உருக்குங்கள். முறையாக ஆறவிட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும்) தாள்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். சில்லைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால் உள்ளே இழுவிசை இருக்கிறது என்று பொருள். அந்தக் கண்ணாடி வேண்டாம். இதைவிட எளிய காப்பு ஒன்றும் உண்டு. வெட்டிய மிச்சத் துண்டுகளை வகைவாரியாகத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, வெட்டிய அன்றே எண்ணை எழுதி வைப்பது. ‘பிறகு பிரித்துக்கொள்ளலாம்’ என்று கொட்டி வைத்த பெட்டியை யாராலும் பிரிக்க முடியாது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆறவிடும் நேரத்தில் கஞ்சத்தனம்

உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் சுமார் 6 மி.மீ. தடிமனில் நிற்க விரும்பும். 3 மி.மீ. தகடு ஒன்றை மட்டும் வைத்து முழு ஃப்யூஸ் (தட்டையாகும்வரை முழுக்க உருக்குவது) கொடுத்தால் ஓரங்கள் உள்ளே இழுபடும், விளிம்பு ஊசிபோலக் கூர்மையாகும். மூன்று தகடு அடுக்கினால் பரவி வழியும். இரண்டு தகடு என்ற வழக்கம் வந்தது இதனால்தான்.

முழு ஃப்யூஸுக்குச் சுமார் 800 முதல் 815 டிகிரி செல்சியஸ் போதும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த உச்சத்துக்கு முன்னும் பின்னும்தான் வேலையின் தரம் இருக்கிறது. ஏறும்போது 600க்கும் 670க்கும் இடையில் அரை மணி நேரம் நிறுத்தினால் தகடுகளுக்கு நடுவே சிக்கிய காற்று வெளியேறும். இல்லையென்றால் பெரிய குமிழி எழும். இறங்கும்போது 700களில் வெகுநேரம் தங்கவிட்டால் மேற்பரப்பு பூத்து மங்கும். கிரைண்டர் பொடியைச் சரியாகக் கழுவாத விளிம்புகளில் இது முதலில் வரும்.

அதற்கடுத்தது அனீலிங், அதாவது உள்ளே இழுவிசை தங்காதபடி ஒரு வெப்பநிலையில் நிறுத்தி மெதுவாக ஆறவிடுவது. 90 வகைக்கு 482 டிகிரி, 96 வகைக்குச் சுமார் 510 டிகிரி என்பது பரவலான கணக்கு. 6 மி.மீ. வேலையை அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தினால் போதும். தடிமன் கூடும்போது பலர் கோட்டை விடுகிறார்கள். 90 வகையில் 12 மி.மீ.க்கு இரண்டு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 55 டிகிரி வீதம் இறக்க வேண்டும். 25 மி.மீ. என்றால் நான்கு மணி நேரம் நிறுத்தி, அதன்பின் மணிக்கு வெறும் 15 டிகிரி. அரைகுறையாக ஒட்டும் டேக் ஃப்யூஸ் வேலைகள் இன்னும் மோசம். மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒரு பக்கம் சீக்கிரம் ஆறும், மறுபக்கம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மிகத் தடித்த இடத்தின் இருமடங்கு தடிமன் என்று எண்ணி அனீல் செய்வது பாதுகாப்பானது. மின்கட்டணம் கூடும்தான்.

இன்னொருவரின் ஃபயரிங் அட்டவணையை அப்படியே எடுத்து ஓட்டுவதும் வழக்கமான தவறு. வெப்பமானி அளப்பது சூளைக் காற்றை, கண்ணாடியை அல்ல. மேலே வெப்பச் சுருள் உள்ள சூளையும் பக்கவாட்டில் சுருள் உள்ள சூளையும் ஒரே எண்ணில் ஒரே பலனைத் தராது.

உருக்கிய பலகையை அச்சில் வளைக்க மீண்டும் சூளையில் வைக்கும்போது, இப்போது அது 6 மி.மீ. ஒற்றைக் கட்டி என்பதை மறந்து பழைய வேகத்திலேயே ஏற்றினால் ஏறும் வழியிலேயே உடையும். அச்சின் பொருளும் முக்கியம். எஃகு கண்ணாடியை விட அதிகம் சுருங்கும், பீங்கான் குறைவாகச் சுருங்கும். அதனால் எஃகின் மேல் கவிழ்த்துப் போர்த்தலாம், பீங்கானுக்குள் இறக்கலாம். தலைகீழாகச் செய்தால் அச்சும் கண்ணாடியும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அரங்கில் நடக்கும் சொதப்பல்கள்

ஜன்னலோரம் வைத்துச் செய்த வேலையை வெள்ளைச் சுவரில் ஒட்டி மாட்டினால் பாதி வண்ணம் செத்துவிடும். கருஞ்சுவர் என்றால் ஒளிபுகும் நீலமும் ஊதாவும் கறுப்பாகவே தெரியும். வெளிச்சம் முன்னாலிருந்து வருமா பின்னாலிருந்து வருமா என்று அரங்கத்தாரிடம் கேட்டுவிட்டு வண்ணம் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. முன்வெளிச்சம் மட்டும்தான் என்றால் ஒளிபுகா வண்ணங்களைப் பின்னடுக்காக வையுங்கள், அல்லது சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். 6 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ. 40க்கு 60 செ.மீ. பலகை 3.6 கிலோ வரும். கடைசி நாளில் உடனடிப் பசையால் கொக்கி ஒட்டுவது, பார்வையாளர் காலில் விழட்டும் என்று விடுவதற்குச் சமம். எங்கே, எதில் தொங்கும் என்பதை உருக்கும் முன்பே யோசியுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே சூட்டைத் தாங்கும் ஃபைபர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்து உருக்கி, பிறகு அதை நீக்கினால் கம்பி நுழைய வழி கிடைக்கும்.

தட்டு, கிண்ணம் என்று காட்சிக்கு வைத்தால் மக்கள் அதில் சாப்பிடத்தான் செய்வார்கள். சில சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளில் காட்மியம் உண்டு, சில எனாமல்களில் ஈயம் உண்டு. தயாரிப்பாளர் உணவுக்கு ஏற்றது என்று சொல்லாத எதையும் அலங்காரத்துக்கு மட்டும் என்று அட்டையில் எழுதிவிடுங்கள். விலையில் ஒரு விஷயம்: கேலரி கமிஷன் எடுக்கிறது என்பதற்காக அதே பொருளை உங்கள் பட்டறையில் மலிவாக விற்றால் அந்தக் கேலரி அடுத்த முறை அழைக்காது. அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

பயிலரங்கு: சூளையின் தரையை அளக்காமல் ஆள் சேர்ப்பது

நாற்காலியை எண்ணி ஆள் சேர்ப்பவர்களே அதிகம். எண்ண வேண்டியது சூளைத் தட்டின் பரப்பை. ஆளுக்கு 20 செ.மீ. சதுரம் என்றால் தட்டில் எத்தனை அடங்கும், இடையில் இடைவெளி எவ்வளவு என்று வரைந்து பார்த்துவிட்டு அறிவியுங்கள். ஏற்றி, உருக்கி, ஆறவிடப் பெரும்பாலும் ஒரு முழு நாள் போய்விடும். அன்றே கையில் கிடைக்காது என்பதை முன்பதிவின்போதே சொல்லாவிட்டால், வகுப்பு முடிந்ததும் எல்லார் முகமும் தொங்கிப்போகும்.

ஒரே நாளில் வெட்டு, டேக் ஃப்யூஸ், கண்ணாடிப் பொடி ஓவியம், ஸ்லம்பிங் (அச்சில் வளைப்பது) எல்லாவற்றையும் காட்டும் ஆசையும் வேண்டாம். புதியவருக்குக் கண்ணாடியை ஒரே கோட்டில், ஒரே முறை கீறி ஒடிக்கத் தெரிந்தாலே நல்ல நாள். கீறிய கோட்டின் மேலேயே மறுபடி வெட்டுக் கருவியின் சக்கரத்தை ஓட்டக் கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சக்கரமும் கெடும், கண்ணாடியும் வேறு பக்கம் ஓடும்.

பாதுகாப்பு என்றால் கையில் வெட்டுப்படுவதை மட்டும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய ஆபத்து தூசி. கண்ணாடிப் பொடி, கில்ன் வாஷ் (கண்ணாடி சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்கப் பூசுவது), ஃபைபர் பேப்பர் மிச்சம் எல்லாம் நுரையீரலுக்குப் போகும் சமாச்சாரம். பொடி வேலைக்கு முறையான முகக்கவசம் வேண்டும். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தை எடுக்காதீர்கள். திறந்த செருப்போடு வருபவரை உள்ளே விடாமல் இருக்கும் கண்டிப்பும் வேண்டும்.

மாணவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். அழகாக இருக்கிறதே என்று நீங்களும் விட்டால், ஒருவரின் நான்கடுக்கு வழிந்து பக்கத்தவர் வேலையோடு ஒட்டிவிடும். சூளையில் ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் அடுக்கு, பசை, ஓரத்தில் துருத்தும் துண்டு ஆகியவற்றை அவர்கள் எதிரிலேயே பார்த்துச் சொல்லுங்கள். அவர்கள் போனபின் நீங்களாகவே ‘திருத்தி’ வைப்பது கூடாது. கோணலாக இருந்தாலும் அது அவர்கள் கோணல். கண்ணாடியில் பேர் எழுதினால் சூட்டில் நிற்காது. சூளைத் தட்டைப் படமெடுத்து, படத்தில் பேர் குறித்து வையுங்கள்.

அந்தப் படம் இன்னொன்றுக்கும் உதவும். மூன்று வாரம் கழித்து ஒரு மாணவி ‘உடைந்துவிட்டது’ என்று அழைத்தால், துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். உடைந்த விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் அது ஏறும்போதே விழுந்த விரிசல், ஒப்படைக்கும் முன் பார்த்திருக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால் விரிசல் போன பாதையைப் பாருங்கள். ஒரு வண்ணத் துண்டின் எல்லையைச் சுற்றியே போயிருந்தால், பெரும்பாலும் பொருந்தாத கண்ணாடி உங்கள் மிச்சப் பெட்டியில் கலந்திருக்கிறது. வண்ணங்களை மதிக்காமல் குறுக்கே வளைந்து போயிருந்தால் அனீலிங் மீதுதான் சந்தேகம். அப்போது அதே தட்டில் யார் யார் வேலை வெந்தது என்று படத்தில் பார்த்து, அவர்களையும் நீங்களே அழைத்துக் கேட்டு, கட்டணம் வாங்காமல் மறுபடி செய்து கொடுங்கள்.