ஆவாரையை விதையிலிருந்து வளர்க்க

ஆவாரைக்கு நாற்றுத் தேடி அலைய வேண்டாம், விதையே போதும். செடியிலேயே காய்ந்து பழுப்பான தட்டைக் காய்களாகப் பார்த்துப் பறியுங்கள். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் பலதும் மண்ணுக்குள் சும்மா கிடக்கும். நான் உப்புத்தாளில் லேசாக உரசி, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுவிடுவேன். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம், உப்பாததை மறுபடி உரசுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால், நிற்கப்போகும் இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுவதுதான் நல்லது. செம்மண், சரளை எதுவானாலும் சரி, தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தின்னும். மருந்தடிக்காதீர்கள், திரும்பத் துளிர்த்துவிடும். எங்கள் கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட இந்தப் பூ வேண்டும். அப்போது கொத்தை மட்டும் கிள்ளுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள்.