கொல்லிமலைக்கு பைக்ல போறீங்களா? 70 பெண்டு, ஆயிரம் படி, எத எப்ப பண்ணணும்

கொல்லிமலைக்கு மொத தடவ பைக்ல போறவங்க எல்லாரும் கேக்குறது 70 ஹேர்பின் பெண்டையும் வண்டி ஏறுமான்னு தான். ஏறும்ங்க. 100 சிசி வண்டில ரெண்டு பேரா போனாலும் பொறுமையா ஓட்டுனா ஏறிடும், உள்ளூர்க்காரங்க எக்ஸெல் வண்டில பின்னாடி மூட்டைய கட்டிட்டே ஏறிப் போவாங்க பாருங்க. நீங்க கவலப்பட வேண்டியது எறக்கத்த பத்தி. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி எறங்கி ஏறிட்டு, தொட ரெண்டும் வெடவெடன்னு இருக்கும்போது, அதே வலது காலால பின் பிரேக்க மிதிச்சு மிதிச்சு 70 பெண்டு எறங்கணும்ல, அங்க தான் நெறைய பேர் திணறுறாங்க. அதனால எந்த ரூட்டுன்றத விட எத எப்ப பண்றதுன்றது தான் இந்த ட்ரிப்புக்கு ரொம்ப முக்கியம்.

ரூட் சிம்பிள். நாமக்கல்ல இருந்து வந்தா சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி. சேலத்துல இருந்து வந்தா ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியா அதே காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்துடலாம். பேளுக்குறிச்சில சனிக்கிழம சந்த, மிளகு மல்லி மஞ்சள்னு வாங்க எங்கெங்க இருந்தோ ஆளுங்க வருவாங்க, அன்னைக்கு ரோடு கொஞ்சம் நெரிசலா இருக்கும். காரவள்ளி தான் அடிவாரம், அங்க செக்போஸ்ட் இருக்கு. பெட்ரோல கீழயே ஃபுல் பண்ணிடுங்க, கைல காசும் வெச்சுக்கங்க, மேல எல்லா எடத்துலயும் டவர் இருக்காது, ஜிபே சுத்திக்கிட்டே நிக்கும்.

வண்டிய மொத நாளே பாத்துருங்க. ட்ரம் பிரேக் வண்டியா இருந்தா பிரேக் ஷூ எவ்ளோ மிச்சம் இருக்குன்னு மெக்கானிக்க கழட்டிப் பாக்க சொல்லுங்க, "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்"னு சொன்னாருன்னா கூட மாத்திட்டே போங்க, ஏன்னா அவர் சொல்ற கணக்கு டவுன் ரோட்டுக்கு. கிளட்ச் கேபிள் நூல் பிரிஞ்சிருக்கா, செயின் தொங்குதா, பின் டயர்ல பட்டன் இருக்கா, லோ பீம் எரியுதா, இவ்ளோ தான். லக்கேஜ சீட்டுக்கு பின்னாடி தொங்குற மாதிரி கட்டாதீங்க, ஏத்தத்துல பின்னாடி வெயிட் கூடுனா முன் வீல் லேசாகி ஹேண்டில் கேக்காது. பேக்க பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல வெச்சுக்கலாம்.

காலைல ஏழு மணிக்குள்ள காரவள்ளிய தாண்டிட்டா ரோடு காலியா இருக்கும். ஒவ்வொரு பெண்டுலயும் 70ல இது எத்தனாவதுன்னு போர்டு இருக்கும். பெண்டுக்கு முன்னாடியே செகண்டுக்கு வந்துடுங்க, ரெண்டு பேரா போனா ஒரு சில எடத்துல ஃபர்ஸ்ட்டே தேவப்படும், ஆனா பெண்டுக்குள்ள போய் கிளட்ச்ச புடிச்சுட்டு கியர் தேடாதீங்க, வண்டி இழுவ இல்லாம நின்னு பின்னாடி சாயும். இடது பக்கம் திரும்புற பெண்டு தான் கஷ்டம், ஏன்னா நாம உள் வளைவுல இருப்போம், அங்க தான் ரோடு ரொம்ப செங்குத்தா இருக்கும். உள் ஓரத்த ஒட்டி போகாம நம்ம லேன்லயே கொஞ்சம் வெளிய தள்ளி எடுங்க, கண்ணு முன் வீல பாக்க கூடாது, பெண்டு முடிஞ்சு ரோடு எங்க போகுதோ அங்க பாக்கணும், வண்டி தானா அங்க வந்துடும். வலது பெண்டு அகலமா இருக்கும், ஆனா எதுத்தாப்புல வர்ற வண்டிங்க அங்க தான் லேன் மாறி வெட்டும், ஹாரன் அடிச்சுட்டு போங்க.

பஸ் வந்தா ஒன்னு தெரிஞ்சுக்கங்க, அது திரும்பறதுக்கு மொத்த ரோடும் வேணும். பெண்டுக்கு ஒரு இருபதடி முன்னாடி டிரைவர் கண்ணுக்கு நீங்க தெரியுற எடத்துல ஓரமா நின்னுடுங்க, கேப் இருக்கேன்னு உள்ள நுழையாதீங்க, பஸ்ஸோட பின்பக்கம் வீசிட்டு வரும். மலை ரோட்டுல ஏறுற வண்டிக்கு தான் எறங்குற வண்டி வழி விடணும், இது சட்டத்துலயே இருக்கு, நீங்க எறங்கும்போதும் இத ஞாபகம் வெச்சுக்கங்க.

நடுவுல நடுவுல குரங்கு கூட்டமா உக்காந்திருக்கும். பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சு போடுறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வரும், அதுங்க ரோட்டுக்கே வந்து உக்காந்து வண்டில அடிபட்டு சாகுறதுக்கு இதான் காரணம். தயவுசெஞ்சு எதுவும் போடாதீங்க.

பெண்டு முடிஞ்சா சோளக்காடு. வாழ, பலா, அன்னாசி, மிளகுன்னு சந்த களகட்டும். அங்க முடவாட்டுக்கால் சூப் கெடைக்கும், கிழங்க பாத்தா மேல பூரா பழுப்பு முடியோட நெசமாவே ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், சுத்த சைவம், மிளகு தூக்கலா போட்டு சூடா குடுப்பாங்க. மூட்டுக்கு நல்லதுன்னு சொல்லி விக்கிறாங்க, அது எப்படியோ, குளிருக்கு அவ்ளோ எதமா இருக்கும். அடுத்து செம்மேடு, மலையோட டவுன் இது தான், வல்வில் ஓரி சிலை இங்க தான் இருக்கு. ஆடி 18க்கு ஓரி விழா நடக்கும், அந்த ரெண்டு மூணு நாளு பைக்ல போறத தவிர்த்துடுங்க, அவ்ளோ கூட்டம், அவ்ளோ வண்டி.

செம்மேட்டுல நிக்காம நேரா அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு போயிடுங்க, அருவிக்கு படி ஆரம்பிக்கிறது கோயில்கிட்ட தான். வியூ பாயிண்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது படிய முடிச்சுடணும். டிக்கெட் கவுண்டரயும் சாயங்காலத்துக்கு முன்னாடியே மூடிடுவாங்க. மழ அதிகமாகி தண்ணி வெள்ளமா வந்தா உள்ளயே விட மாட்டாங்க, அப்ப அவங்க கிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க, மேல எங்கயோ பெஞ்ச மழ இங்க திடீர்னு எறங்கும்.

படிங்க செங்குத்து, சில எடத்துல ஒசரமும் ஒரே மாதிரி இருக்காது. எறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால பேசிக்கிட்டே வேகமா எறங்கிடுவோம், ஆனா தொடைக்கும் முட்டிக்கும் சேதாரம் ஆகுறது அப்ப தான். பாதத்த கொஞ்சம் சாய்வா திருப்பி வெச்சு, முட்டிய லேசா மடக்குனபடியே எறங்குங்க, தொம்மு தொம்முன்னு குதிக்காதீங்க. செருப்பு வேணாம், ஈரப்படில வழுக்கி விட்டுடும், பழைய ஷூவா இருந்தாலும் அடில கிரிப் இருக்கணும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, அதுல கொஞ்சம் உப்பு சக்கர போட்டு எடுத்துட்டு போங்க. ஏறும்போது ஐம்பது படிக்கு ஒரு தரம்னு முன்னாடியே முடிவு பண்ணி நின்னு நின்னு ஏறுனா, முடியாம போய் உக்கார்ற நெலம வராது. இதய நோய், ஆஸ்துமா, முட்டி வலி இருக்கவங்கள கட்டாயப்படுத்தி கூட்டிட்டு போகாதீங்க, அவங்களுக்கு மாசிலா அருவி போதும், படி கம்மி.

அருவி கிட்டத்தட்ட 300 அடி ஒசரம், அய்யாறு மேல இருந்து அப்படியே கொட்டும், கிட்ட போறதுக்கு முன்னாடியே சாரல்ல சட்ட நனைஞ்சிடும். நேரா விழுற எடத்துக்கு அடில போய் நிக்காதீங்க, தண்ணியோட சேந்து கல்லும் வரும். பாறைல பச்சையா தெரியுற எடத்துல கால வெக்காதீங்க.

மேல வந்த உடனே வண்டிய எடுக்காதீங்க, நான் திரும்ப திரும்ப சொல்றது இத தான். குறைஞ்சது ஒரு மணி நேரம் உக்காந்து சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க, அப்புறம் சீக்குப்பாறை வியூ பாயிண்ட் மாதிரி நடக்க தேவையில்லாத எடமா பாருங்க. கால் இன்னும் நடுங்குதுன்னா அன்னைக்கு மேலயே ரூம் போட்டு தங்கிட்டு காலைல எறங்குங்க, அது தான் இருக்கறதுலயே நல்ல பிளான். அன்னைக்கே எறங்கறதா இருந்தா நாலு மணிக்குள்ள சோளக்காட்ட விட்டு கெளம்பிடணும், மார்கழி தை மாசத்துல பனி சீக்கிரமே எறங்கிடும். பனில ஹை பீம் போட்டா வெள்ளச் சுவர் தான் தெரியும், லோ பீம்ல போங்க.

எறக்கத்துல எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர். செகண்டுல விட்டுட்டு ஆக்சிலேட்டர மூடுனா இன்ஜினே வண்டிய புடிச்சு நிறுத்தும், பிரேக் சும்மா ஒத்தாசைக்கு தான். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்லயோ இன்ஜின ஆஃப் பண்ணிட்டோ எறங்குறது உயிரோட வெளாடுறது. பிரேக்க மிதிச்சுட்டே வந்தா ட்ரம் சூடாகி ஒரு கட்டத்துல எவ்ளோ மிதிச்சாலும் புடிக்காது. அதனால பெண்டுக்கு முன்னாடி நேர் ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் சேத்து நல்லா அமுக்கி வேகத்த கொறச்சுட்டு, விட்டுடுங்க, திரும்பும்போது பிரேக் புடிக்காதீங்க. ஸ்கூட்டில இன்னும் கவனம், வேகம் ரொம்ப கொறஞ்சா கிளட்ச் தானா விட்டுடும், அப்ப இன்ஜின் புடிக்காது, எல்லா பாரமும் பிரேக்குக்கு தான் போகும். பதினஞ்சு இருபது பெண்டுக்கு ஒரு தடவ அகலமான எடமா பாத்து நிறுத்தி பத்து நிமிஷம் ஆற விடுங்க. கருகுன வாசன வந்தா உடனே நிறுத்திடுங்க, ஆனா தண்ணிய ஊத்தாதீங்க, தானா ஆறட்டும்.

ரோட்டையும் படியையும் விட்டு காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆச இருந்தா வனத்துறை அனுமதி இல்லாம போகவே கூடாது. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணில ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டி 23 பேர் செத்துட்டாங்க, அத மறக்க முடியாது. 2024ல இருந்து வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல ஆன்லைன்லயே புக் பண்ணலாம், கைடு கூட வருவாங்க, வேற வேற மலைங்கள்ல 40 ரூட்டோட ஆரம்பிச்சாங்க. அப்புறம் கொல்லிமலைல காடு மாதிரி தெரியுற பாதி எடம் மலையாளின்ற பழங்குடி மக்களோட மிளகு, காப்பித் தோட்டம். ஃபோட்டோக்குன்னு உள்ள எறங்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கவங்க கிட்ட ஒரு வார்த்த கேளுங்க, கேட்டா பெரும்பாலும் அவங்களே கூட்டிட்டு போய் காட்டுவாங்க.