விளையாடுகிற பிள்ளைக்குப் போனை எப்படி ஒழுங்குபடுத்திக் கொடுப்பது

சுன்னாகத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பின்னேர ரியூசனுக்குப் பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்கு வரும் தாய்மார் அநேகமாகக் கேட்பது இதுதான்: "தங்கச்சி, இந்த கேமை இனித் திறக்கேலாத மாதிரிப் பூட்டித் தாங்கோவன்."

பூட்டிக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்குச் சொல்லாமல் போட்ட பூட்டை யூரியூப் பார்த்துப் பிள்ளை திறந்துவிடும். திறந்த பிறகு உங்களோடு அதைப்பற்றிக் கதைக்கவும் மாட்டாது. நாடு போட்ட பூட்டுகளுக்கும் இதே கதிதான் நடந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கட்டுப்பாடு கொழும்பில் இருக்கிற அதிகாரியிடமும் சிங்கப்பூரில் இருக்கிற கேம் கொம்பனியிடமும் இருக்கக்கூடாது. வீட்டுக்குள், பிள்ளையும் அறிந்ததாக இருக்கவேண்டும். அன்ரொயிட் போனை வைத்தே சொல்கிறேன். ஐபோன் வேறுபடும் இடத்தில் மட்டும் அதைச் சொல்கிறேன்.

போனை வாங்கும்போது

புதிதோ பழசோ, காசைக் கொடுக்க முன்னம் *#06# அடியுங்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.ஈ.ஐ (IMEI) எண் 15 இலக்கத்தில் திரையில் வரும். எஸ்.எம்.எஸ்ஸில் ஐ.எம்.ஈ.ஐ என்ற நான்கு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பதில் வரும். பதியாத போனை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்கவேண்டாம்.

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் போன் வாங்குவதில்லை, வருகிறது. கனடாவில் இருந்து மாமா கொண்டுவருவார், லண்டனில் இருந்து சித்தி கொடுத்துவிடுவா. அப்படி வந்த போனில் முதலில் இங்கத்தைய சிம்மைப் போட்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். அங்கத்தைய கொம்பனி தன் சிம்முக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருக்கலாம். அடுத்தது, பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரே அங்கிருந்தபடி தன் கணக்கில் இருந்து இந்தப் போனை நீக்கிவிடலாம். அதைச் செய்யாமல் போனை அழித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் என்னாலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று சொல்பவரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

புதுப் போன் வாங்குபவர்கள் கமராவைப் பற்றிக் கேட்கிறார்கள், கேம் ஓடுமா என்று கேட்கிறார்கள். எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. சாம்சுங் ஏ16 போன்ற நடுத்தர விலைப் போனுக்கே 6 வருடம் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, விற்பனையை நிறுத்திய பிறகும் 5 வருடம் மென்பொருள் புதுப்பிப்பும் 7 வருடம் உதிரிப்பாகமும் கொடுக்கவேண்டும் என்று சட்டம். அதே கொம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். நாங்கள் கேட்கவேண்டும்.

கணக்கு

பிள்ளைக்கென்று சொந்தக் கூகுள் கணக்கு, சரியான பிறந்த திகதியோடு. அம்மாவின் கணக்கில் பிள்ளை விளையாடுவதுதான் நான் பார்க்கிற அதிகமான வில்லங்கங்களின் வேர். அந்தக் கணக்கில் வங்கிச் செய்தி, குடும்பப் படம், வட்ஸ்அப் காப்பு எல்லாம் கிடக்கிறது. பிள்ளையின் கணக்கை கூகுளின் பமிலி லிங்க் அப்பில் உங்கள் கணக்கோடு இணையுங்கள். புது அப் இறக்க உங்கள் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் முதலில் போடுங்கள். இருப்பிடம், நேரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடவேண்டாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இது என்ன செய்யும் என்று காட்டிப் போடுங்கள்.

காசு

இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். பிளே ஸ்ரோரைத் திறந்து, மேலே வலப்பக்கத்தில் உள்ள படத்தைத் தட்டி, செற்றிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். அதே படத்தைத் தட்டினால் வரும் பட்டியலில் கொடுப்பனவு முறைகளுக்குப் போய் சேமித்த காட் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். சிம்மின் கணக்கில் கழிக்கும் முறை ஒன்றும் உண்டு, அதையும் பாருங்கள். ரீலோட் போட்ட காசு எங்கே போகிறது என்று தெரியாமல் அம்மம்மாமார் தவிப்பது அதனால்தான். ஐபோனில் ஸ்கிரீன் ரைம் பகுதிக்குள் உள்ளடக்கக் கட்டுப்பாட்டுக்குப் போய், அப்புக்குள் வாங்குவதைத் தடுத்துவிடலாம். மாமாவின் பழைய ஐபோனில் மாமாவின் காட் இன்னும் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். அவர் அங்கே இரண்டு வேலை செய்து உழைக்கிற காசு.

பிழையாக வாங்குப்பட்டுவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் பிறகு கேம் கொம்பனியின் தயவுதான். கேமுக்குள் காசுபோலச் செலவழிக்கும் டயமண்டை மலிவாகத் தருகிறேன் என்று பேஸ்புக்கில் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவனுக்குக் கொடுத்தால் கணக்கே போய்விடும்.

பூட்டு போட்டால் மட்டும் போதாது. ஏன் பூட்டு என்று பிள்ளைக்குப் புரியவேண்டும். சிங்கப்பூர்க் கொம்பனி ஒன்றின் ப்ரீ பயர் என்ற சுடும் கேமில் லக் ரோயல் என்று ஒரு சுழற்றல் இருக்கிறது, சுழற்றினால் என்ன பொருள் வரும் என்பது அதிர்ஷ்டம். உங்கள் காசு முதலில் டயமண்ட் ஆகிறது, பிறகு டயமண்ட் சுழற்றல் ஆகிறது. அந்த இரண்டு மாற்றத்துக்குள் ரூபாய் கண்ணில் இருந்து மறைந்துவிடுகிறது. இப்படி அதிர்ஷ்டத்துக்கு விற்கும் கேம்கள் எந்தப் பொருள் எத்தனை வீதம் கிடைக்கும் என்று காட்டவேண்டும் என்பது 2017 டிசெம்பர் முதல் ஆப்பிளின் விதி, 2019 முதல் கூகுளின் விதி. அந்த வீதம் ஒரு சின்னக் குறிக்குப் பின்னால் இருக்கும். தேடி எடுங்கள்.

கடைக்கு வந்த ஒரு ஓ.எல் பெடியனோடு இதைச் செய்து பார்த்தேன். ஒரு சுழற்றலில் ஒரு பொருள் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம், 50 தரம் சுழற்றினால் ஒன்றுமே கிடைக்காமல் போகிற நிகழ்தகவு என்ன என்று கேட்டேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 0.99ஐ 50 தரம் பெருக்கவேண்டும் என்று எழுதினான். கல்குலேற்றரில் 0.605 வந்தது. 50 தரம் காசு போட்ட பிறகும் நூற்றில் அறுபது பேருக்கு வெறுங்கை. 100 தரத்துக்கும் போட்டான், 0.366. "அப்ப நூறு தரம் போட்டாலும் மூண்டு பேரிலை ஒராளுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் தானாகவே கணக்கைச் சரிபார்த்தான். எந்தப் பூட்டை விடவும் அந்தக் கணக்கு அவனுக்குள் இறங்கியது.

இது பெடியளின் ஆசைக்கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கொம்பனிகள் இதைத் திட்டமிட்டே அமைக்கின்றன. பெல்ஜியம் 2018இலேயே இப்படிக் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஃபோர்ட்நைற் கேமை நடத்தும் எபிக் கொம்பனி 2022 டிசெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு 52 கோடி டொலருக்கு இணங்கிப் போனது. அதில் 24.5 கோடி, விளையாடுபவர்களை ஏமாற்றி வாங்க வைத்ததற்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டிய காசு. மிச்சம் சிறுவர்களின் தனியுரிமையை மீறியதற்கான தண்டம். இவ்வளவு பெரிய கொம்பனிக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, பிறகு பிள்ளையை ஏசுவது நியாயம் இல்லை.

நேரம்

சீனாவில் 2021 செப்ரெம்பர் முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும்தான் ஒன்லைன் கேம். "அப்பிடி இஞ்சையும் வேணும்" என்று சொல்பவர்களைத் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓ.எல் சோதினை முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே மணிக்கூடு பொருந்தாது.

நேரத்தை நிமிடத்தில் வைக்காதீர்கள், ஆட்டத்தில் வையுங்கள். ப்ரீ பயரில் ஒரு ஆட்டம் ஏறக்குறையப் பத்து நிமிடம். அணியாக விளையாடும்போது நடுவில் போன் பூட்டுப்பட்டால் மற்ற மூன்று பேரும் இவனைத்தான் திட்டுவார்கள். வீட்டில் வரும் சண்டையில் அரைவாசி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "மூண்டு ஆட்டம், பிறகு போன் மேசையிலை" என்று பேசி முடிவெடுங்கள். பமிலி லிங்கின் நேரப்பூட்டை இரவு நித்திரைக்கு மட்டும் வையுங்கள்.

ஆட்டத்துக்குள் குரலில் கதைக்கும் வசதியை, தெரிந்த கூட்டாளிகளோடு மட்டும் என்று வையுங்கள். யாராவது படம் கேட்டாலோ வெருட்டினாலோ எதையும் அழிக்காமல் திரையை ஸ்கிரீன்சொட் எடுத்து வைத்துக்கொண்டு 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். கணக்கு களவு போனால், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கு எடுங்கள். பிள்ளை வந்து சொன்னால் போனைப் பறிக்கமாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கு இல்லாவிட்டால் பிள்ளை சொல்லாது.

"பிங் அடிக்குது அக்கா"

பெடியள் கேட்பது இது. பிங் என்பது போனில் இருந்து தரவு கேமின் சேர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், அது கூடினால் ஆட்டம் இழுபடும். கேம் பூஸ்ரர் என்ற பெயரில் இருக்கும் அப்களை அழித்துவிடுங்கள். தூரத்தை எந்த அப்பும் குறைக்காது. யாழ்ப்பாணத்தில் இருந்து போகும் தரவு முதலில் தெற்கே இறங்கி, கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று கடலடிக் கம்பிகள் கரையேறும் இடத்துக்குப் போய், அதற்குப் பிறகுதான் சிங்கப்பூருக்குப் போகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி 100 கிலோமீற்றர் போய்த் திரும்ப ஒரு மில்லிசெக்கன் எடுக்கும். அதோடு பின்னேர நெரிசலும் சேரும். உங்களால் செய்யக்கூடியது வீட்டுக்குள் இருக்கிறது: ரூட்டருக்குப் பக்கத்தில் 5 கிகாஹேட்ஸ் வைபையில் விளையாடுவது, கணினி என்றால் வயர் போடுவது. தம்பி விளையாடும்போது அக்கா படம் இறக்காமல் இருந்தாலும் பிங் இறங்கும்.

சார்ஜில் போட்டபடி விளையாடவிடாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, கவரும் போட்டு, சார்ஜரும் குத்தி விளையாடிய போன்கள் எனக்கு வருகின்றன. பின்மூடி மெல்ல எழும்பி, நகம் போகிற அளவுக்கு இடைவெளி தெரியும். அது பற்றறி ஊதுவது. கண்டால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், போனை நிறுத்திவிட்டு அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

நாடு பூட்டும்போது

அரசு இணையத்தளங்களைப் பூட்டுவது எங்கள் நாட்டில் புதிதில்லை. 2007 ஜூனில் தமிழ்நெற் செய்தித் தளத்தை இங்கே பார்க்கமுடியாமல் செய்தார்கள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் பூட்டினார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி போராட்டத்தை அடக்க மறுபடியும். அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் வழியாகத்தான் தானும் வந்திருப்பதாகவும் இப்படியான தடையில் பயனில்லை என்றும் ருவிற்றரில் எழுதினார். இந்தியா 2022 பெப்ரவரியில் ப்ரீ பயரைத் தடுத்தது, அதே கேமின் இன்னொரு பதிப்பான ப்ரீ பயர் மக்ஸ் அங்கே தொடர்ந்து ஓடியது. பூட்டியவர்கள் நினைத்தது நடக்கவில்லை. ஆபத்தான நேரத்தில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்கமுடியாமல் போனது சனத்துக்குத்தான்.

2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் சிறுவர்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றியும் இருக்கிறது, அது தேவை. ஆனால் எது பொய்க்கூற்று என்று பார்த்து அதை நீக்கச் சொல்லும் அதிகாரமும் அந்தச் சட்டம் அமைக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் போகிறது. பிள்ளைகளைக் காப்பதற்கு அந்த அதிகாரம் தேவை என்று நான் ஏற்கமாட்டேன்.

இப்போதே செய்யக்கூடியது: வெளிநாட்டில் இருக்கும் உறவுகளின் நேரடித் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வட்ஸ்அப்பில் பெயரை மட்டும் தட்டிப் பழகியதால் பலருக்கு இலக்கமே தெரியாது. சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் ஓடினால் அதுதான் வழி. விபிஎன் தேவை என்றால் பூட்டுப்பட்ட அன்றைக்கு அந்தரத்தில் கண்டதை இறக்காதீர்கள். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பது அதை நடத்துபவருக்குத் தெரியும். பேஸ்புக் நடத்திய ஒனாவோ என்ற இலவச விபிஎன்னே பாவனையாளரின் தரவைச் சேர்த்ததால் 2018இல் ஆப்பிள் ஸ்ரோரில் இருந்து போனது. சுவிற்சர்லாந்தின் புரோட்டன் போல, மூலநிரல் வெளியில் இருக்கிற, இலவசமாகவும் கிடைக்கிற ஒன்றை அமைதியான நாளில் இறக்கிப் பழகி வையுங்கள்.

ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் பிள்ளையோடு இருந்து பமிலி லிங்கைத் திறந்து, தேவையில்லாமல் போன கட்டுப்பாடு ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை எடுப்பது என்று பிள்ளை சொல்லட்டும். காசுப் பூட்டை மட்டும் கடைசியாக எடுங்கள்.