விலையை உயர்த்துவதற்கு முன்
விலையை உயர்த்துவதற்கு முன், அதற்கான காரணத்தை வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய ஆய்வாளர்கள் கனடாவில் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வில், தெருப்பனியை அள்ளி அகற்றும் 15 டாலர் பனிவாரியைப் பெரும்பனி பெய்த மறுநாள் காலை 20 டாலராக்குவது நியாயமற்றது என்று 82 விழுக்காட்டினர் கூறினர். கொள்முதல் விலை ஏறிய அளவுக்கே லெட்டூஸ் கீரையின் விலையைக் கூட்டிய மளிகைக் கடைக்காரரையோ பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர்.

எனவே கொள்முதல் விலை ஏறிய அன்றே பழைய விலை, புதிய விலை, காரணம் மூன்றையும் கல்லாவுக்கு அருகில் எழுதி வையுங்கள். கார்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பதைவிட, முழு விலையைப் பலகையில் எழுதி, ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருவது மனத்தை உறுத்தாது. புதியவருக்குக் கொடுக்கும் விலையை வாடிக்கையாக வருபவருக்கு மறுக்காதீர்கள். தெரியவந்தால் அவர் மறுபடி கடைப் படி ஏறமாட்டார், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.