வியூ பாயின்ட்டில் நோட்டைத் திறக்காதீர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அலமாரியில் பதினோரு ஸ்கெட்ச் நோட்டுகள் இருக்கின்றன. முதல் இரண்டைப் புரட்டினால் ஒரே மலைதான். தொட்டபெட்டாவில் ஒன்று, கோடநாட்டில் ஒன்று, குன்னூர் டால்பின் நோஸில் இரண்டு, லேம்ஸ் ராக்கில் ஒன்று. அடியில் எழுதியிருக்கும் இடப்பெயரைக் கையால் மறைத்துவிட்டால் எது எந்த இடம் என்று எனக்கே தெரியாது. மூன்று வளைகோடு, மேலே இரண்டு மேகம், கீழே பச்சை. மூன்றாவது நோட்டில்தான் முதன்முதலாக ஒரு டீக்கடை பெஞ்ச் வருகிறது. இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன்.

அதனால் நீலகிரிக்கு வரைய வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்: காட்சிமுனைக்குப் போங்கள், பாருங்கள், மிளகாய்ப்பொடி தடவிய சோளம் வாங்கித் தின்னுங்கள். நோட்டை மட்டும் அங்கே திறக்காதீர்கள். கண்ணுக்கு எட்டுவதெல்லாம் தூரமாக இருக்கிற இடம் அது. அளவு பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பொருளும் இருக்காது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் உள்ளங்கை அகலத் தாளில் அடைக்கப் பார்த்தால், மலை கசங்கிய போர்வை மாதிரி ஆகிவிடும். போதாததற்கு, செல்ஃபி எடுக்க வந்தவர்கள் "கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்" என்பார்கள். அவர்கள் போவதற்குள் மேகமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

மலையை வரைந்தே ஆகவேண்டும் என்றால் தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் பக்கத்தில் நிற்கிற ஒரு சில்வர் ஓக் மரத்தை முதலில் நிறுத்துங்கள். பிறகு பின்னால் எத்தனை மலைவரிசை அடுக்காகத் தெரிகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் நான்கைந்து இருக்கும். ஒவ்வொரு வரிசையும் பின்னால் போகப் போக வெளுத்து நீலமாகும். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது. புதிதாக வரைகிறவர்கள் கடைசி மலைக்கும் காலடிப் புல்லுக்கும் ஒரே பச்சையைப் பூசிவிடுகிறார்கள். படம் தட்டையாகிவிட்டது என்று அப்புறம் பேப்பரைக் குறை சொல்கிறார்கள்.

பச்சை என்றதும் நினைவுக்கு வருகிறது. பெட்டியில் இருக்கிற பச்சையை அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். தேயிலைத் தோட்டத்தின் மேல்தளம் மட்டும்தான் அந்த வெளிர்பச்சை. செடிக்கு அடியில் ஏறக்குறைய கறுப்பு. கவாத்து செய்த தோட்டம் என்றால் சாம்பல் நிறக் குச்சிகள்தான் நிற்கும். சோலைக்காட்டில் துளிர் விடும் காலத்தில் பல மரங்களின் இளம் இலைகள் செம்பு நிறத்தில் இருக்கும். மஞ்சளையும் நீலத்தையும் கலந்து, அதில் துளி சிவப்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். இந்த மலையின் பச்சை அதில்தான் வருகிறது.

சாமான் விஷயத்தில் நான் செய்த தவறு வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறும்போது சட்டைப்பையில் இங்க் பேனா வைத்திருந்தேன். பாதி இங்க்தான் இருந்தது. குன்னூரில் இறங்கும்போது பை முழுக்க நீலம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து இங்க்கை வெளியே தள்ளுகிறது. மலை ஏறுவதற்கு முன் பேனாவை முழுதாக நிரப்புங்கள், அல்லது முழுதாகக் காலி செய்யுங்கள். நிப்பு மேலே பார்த்தபடி வையுங்கள். சட்டைப்பையில் வேண்டாம்.

அந்த ரயிலில் வரைகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, நிதானமாக வரையலாம் என்று நினைப்போம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கியதும் கோடு தந்தி அடிக்க ஆரம்பிக்கும். ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற எதையும் வரையத் தொடங்காதீர்கள். இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் இறங்கி, பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிற அந்த இன்ஜினை வரையுங்கள். பத்து நிமிடம் கிடைத்தாலே ஒரு சக்கரம் வரைந்துவிடலாம். முழு இன்ஜினுக்கு ஆசைப்பட்டால் விசில் ஊதிவிடும். வண்டி ஓடுகிற நேரத்துக்கு எதிர் சீட்டில் தூங்குகிறவர்கள் இருக்கவே இருக்கிறார்கள்.

விலை உயர்ந்த நோட்டு வாங்கிவிட்டு அதைக் கெடுக்கப் பயப்படுவது எல்லாரும் செய்கிற தவறு. அதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாள் உள்ள சாதாரண நோட்டு, ஒரு 2பி பென்சில், தண்ணீர் பட்டால் கலையாத பேனா, ஆறு வண்ணம், காற்றுக்கு இரண்டு கிளிப், ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். பென்சில் கட்டாயம். ஈரக்காற்றில் தாள் நமத்துப்போனால் பால்பாயின்ட் வழுக்கும், பென்சில் அப்போதும் எழுதும். வாட்டர்கலர் சமவெளியில் காய்கிற வேகத்தில் இங்கே காயும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஜனவரி விடியலில் தலைக்குந்தா புல்வெளியில் உறைபனியை வரையப் போனேன். பூசிய வண்ணம் காயாமல் தாளிலேயே ஊசி ஊசியாக உறைந்துவிட்டது. நான் வரைந்ததைவிட அது நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

எப்போது வருவது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். நீலகிரி முழுக்க ஒரே மழைக்காலம் என்று நினைக்கக் கூடாது. கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. எந்த மாதமானாலும் காலை வேளை உங்களுடையது. மதியத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

செடி கொடிகளை வரையும்போது அழகான பூவை மட்டும் வரைந்துவிட்டு எழுந்துவிடுகிறோம். 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரித் தாவரங்களை ஆவணப்படுத்திய ராபர்ட் வைட்டுக்காகப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் தென்னிந்திய ஓவியர்கள். அவர்களுடைய படங்களைத் தேடிப் பாருங்கள். முழுக் கிளைக்குப் பக்கத்திலேயே பூவைப் பிரித்து வைத்திருப்பார்கள், காயை அறுத்துக் காட்டியிருப்பார்கள். அந்த அளவுக்கு நமக்கு வேண்டாம். ஆனால் இலையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு சின்னப் படம் போடுங்கள். சிவப்புப் பூ பூக்கிற காட்டுப்பூவரசின் இலை மேலே கரும்பச்சை, அடியில் வேறு நிறம். மரத்தோடு இருக்கும் இலையைத்தான் புரட்ட வேண்டும். பறித்து நோட்டுக்குள் வைத்து வீட்டில் வரையலாம் என்கிற வேலை வேண்டாம். தேசியப் பூங்கா, சரணாலயத்துக்குள் அது குற்றமும்கூட. மழைக்காலத்தில் சோலை ஓரம் தரையில் உட்காராதீர்கள், அட்டை ஏறும். என் ஐந்தாவது நோட்டில் ஒரு பெரணிப் படத்தின் மேல் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது. எல்லாரும் அதை நல்ல மண் நிறம் என்று பாராட்டுகிறார்கள். அது என் ரத்தம்.

காட்டெருமையைப் பற்றி ஒரே வரி: அது வரைவதற்கு நிற்கவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மாலையில் தேயிலைத் தோட்டத்துக்குள் தனியாக உட்கார்ந்து வரையவே கூடாது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். தூரத்து மரத்தில் இருக்கும் கருமந்தியை வரையுங்கள். ஒரே பக்கத்தில் ஆறேழு உருவம் தொடங்கிவையுங்கள். அது நகர்ந்ததும் அடுத்ததற்குப் போங்கள். கொஞ்ச நேரத்தில் பழைய மாதிரியே வந்து உட்காரும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மனிதர்கள் விஷயத்தில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். தோட்டப் பாதை ஒன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் "அப்படியே கொஞ்சம் நில்லுங்கக்கா" என்றேன். நின்றார். முடித்துவிட்டு, நோட்டில் இன்னொரு பக்கம் திருப்பினேன். "தம்பி, நீ நிக்க வெச்ச நேரத்துல ரெண்டு கிலோ கொழுந்து போச்சு. எடை போடற எடத்துல உன் படத்தக் காட்டவா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எடை போட்டுக் கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவரை நிறுத்துவது அவர் பையிலிருந்து காசு எடுப்பது மாதிரி. கேட்டுக்கொண்டு, ஓரமாக நின்று, அவர் வேலை செய்யும்போதே வரையுங்கள். குனிவது, கை நிறைந்ததும் பின்னால் போடுவது, அடுத்த செடிக்கு நகர்வது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். கருமந்திக்குச் சொன்ன அதே ஆறேழு உருவ முறைதான். (இந்த ஒப்புமையை அந்த அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

அன்று நான் வரைந்து வைத்திருந்ததைப் பின்னால் பார்த்தால் இன்னொரு தவறும் தெரிந்தது. தலையில் கயிறு மாட்டிய மூங்கில் கூடை வரைந்திருக்கிறேன். அவரிடம் இருந்ததோ முதுகில் ஒரு நைலான் பை, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட், கையில் கொழுந்து வெட்டும் கத்திரி. கண்ணெதிரே நின்றவரை விட்டுவிட்டுக் காலண்டர் படத்தை வரைந்திருக்கிறேன். இது எல்லாருக்கும் வருகிற வியாதி. வேலை முடிந்து பேச்சு வளர்ந்தால் "சொந்த ஊர் எதுங்க?" என்று கேட்டுப்பாருங்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. பதில் கண்டியிலோ நுவரெலியாவிலோ தொடங்கலாம். அந்தப் பேச்சிலிருந்து இரண்டு வரி படத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும், அவர் சரி என்றால்.

சந்தையில் வழியை மறித்து நிற்காதீர்கள். ஊட்டி மார்க்கெட்டில் அரை கிலோ கேரட் வாங்கிவிட்டு "அண்ணா, பத்து நிமிஷம் இந்த ஓரமா நிக்கட்டுமா?" என்று கேட்டால் ஸ்டூலே போட்டுத் தருவார்கள். முடிந்ததும் காட்டுங்கள். "மூக்கு நல்லா இல்ல" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போகிறவர்கள் கேமராதான் கூடாது, பென்சிலுக்கு என்ன என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோயிலும் சடங்கும் நடக்கிற இடத்தில் பென்சிலுக்கும் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் மூடிவிட வேண்டும். படகர்களின் ஊரான ஹட்டியில் சாவு நடந்தாலும் அப்படித்தான், அங்கே கேட்கவே வேண்டாம், நோட்டு பைக்குள் இருக்கட்டும். மந்து என்றால் பாதிப் பீப்பாய் வடிவக் குடில், குனிந்து நுழைகிற வாசல் என்று மட்டும் வரைந்துவிட்டு வருகிறவர்கள், பக்கத்திலேயே அவர்கள் குடியிருக்கிற கான்கிரீட் வீட்டையும் டிஷ் ஆன்டெனாவையும் ஏன் விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தோடர்கள் போர்த்துகிற பூத்துக்குளியை வரையச் சம்மதம் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான அந்தத் தையல் வேலையைத் தோடப் பெண்கள் முன்கூட்டிக் கோடு போடாமல், இழையை எண்ணி எண்ணியே செய்கிறார்கள். நாமும் எண்ணித்தான் வரைய வேண்டும்; கண்மதிப்பில் போட்டால் மூன்றாவது வரியிலேயே வடிவம் கோணிவிடும். அந்தத் தையல் வேலை 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நோட்டில் இருக்கிற வடிவத்தை டீசர்ட்டில் அச்சடித்து விற்கலாம் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படத்தில் எழுத்து வரக் கூடாது என்ற கூச்சம் எனக்கு வெகுநாள் இருந்தது. 2018-ல் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பார்க்கப் போய் நான்கு பக்கம் வரைந்தேன். தேதி இல்லை, எந்தச் சரிவு என்பதும் இல்லை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. அதே புதரை மறுபடி பார்க்க 2030 ஆகும், எந்தப் புதர் என்று தேடத்தான் வழியில்லை. குறிஞ்சி வகையிலேயே பல இனங்கள் வேறு வேறு ஆண்டுக்கணக்கில் பூக்கின்றன. இடமும் நாளும் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது இடம், தேதி, மணி, வானம் எப்படி என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் கோடு போடுகிறேன். பெயர்களை உள்ளூர்க்காரர்கள் சொல்கிறபடி எழுதி, பக்கத்தில் இலையையும் போடுங்கள். இங்கே சீகை என்றால் வாட்டில் மரம், கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ். வெறும் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் சமவெளியில் படிக்கிறவர் தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியாக, வரைந்த நோட்டைப் பாதுகாப்பது. மழைக்காலத்தில் இங்கே தாளில் பூஞ்சை பிடிக்கும். வெறும் தாளையும் விடாது. ஈரம் குடித்த தாளின் மேல்பூச்சு போய்விட்டால் வண்ணம் திட்டுத்திட்டாக உறிஞ்சப்படும், அதில் அப்புறம் வரைய முடியாது. பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற ஈரமே போதும் கெடுப்பதற்கு. எங்கள் வீட்டில் துணி அலமாரியின் அடித்தட்டில் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிகிறது, நோட்டுகள் அதற்கு மேல்தட்டில். போன வருஷம் மின்சாரம் மிச்சமாகும் என்று எல்இடி மாற்றிப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. ஏழாவது நோட்டின் அட்டை போய்விட்டது.