வெளிநாட்டுக்குப் போன நண்பர் ஊருக்கு வருகிறாரா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

டிசம்பர் வந்துவிட்டால் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஆள் வந்திருக்கும். கூடப் படித்து, ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தவர் நாலஞ்சு வருஷம் கழித்து வருகிறார் என்றால் நமக்குக் கை கால் நிலைகொள்ளாது. அந்த அவசரத்தில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

வந்து இறங்கிய அன்றைக்கே போய் நிற்காதீர்கள். டிசம்பரில் அமெரிக்காவின் டல்லாஸ் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதாவது நம்முடைய மத்தியானம் அவர் உடம்புக்கு நடுராத்திரி. கண் சொக்கி விழுகிறவரை உட்காரவைத்துப் பேசினால் அவருக்கு ஒன்றும் மனசில் நிற்காது. உடம்பு பழக ஒரு வாரமாவது விடுங்கள். சிங்கப்பூர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டரை மணி நேர வித்தியாசம்தான், கோவை ஏர்போர்ட் இருக்கிற பீளமேட்டுக்கே நேராக விமானமும் இருக்கிறது.

அடுத்தது, "வந்ததும் பாத்துக்கலாம் மாப்ள" என்று நாளைக் குறிக்காமல் விடுவது. மூன்று வார லீவு நமக்குத்தான் நீளமாகத் தெரியும். குலதெய்வக் கோயில், மாமனார் வீடு, விருந்துகள், பேங்க், பத்திர ஆபீஸ், பல் டாக்டர், எச்-1பி என்கிற அமெரிக்க வேலை விசா என்றால் பாஸ்போர்ட்டில் அதைப் பதிக்கிற ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை, இப்படியே கரைந்துவிடும். அவர் டிக்கெட் போடும்போதே ஒரு நாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். டிசம்பர் நடுவில் பிறக்கிற மார்கழிதான் தோது, கல்யாண முகூர்த்தம் இருக்காது. தை பிறந்துவிட்டால் அவரை மண்டபம் மண்டபமாகத் தேட வேண்டியதுதான்.

எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிவிடுவதும் தவறுதான். வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லி, ஹோட்டலில் ஹால் பிடித்து, இருபது பேர் வந்து போட்டோ எடுத்துக் கலைந்தால் ஆளுக்கு அஞ்சு நிமிஷம்கூடப் பேச்சு இருக்காது. அது ஒரு சாயங்காலம் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இருவர் மட்டும் இருக்க ஒரு அரை நாளைத் தனியாக எடுத்து வையுங்கள். ரிசார்ட் எல்லாம் எதற்கு? பழைய பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு வெளியே நின்றால் போதும், பேச்சு தானாக வரும்.

சம்பளம் கேட்காதீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இன்னும் கிரீன் கார்டு வரலையா?" என்பதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி அது. வேலை வழியாகத் தருகிற கிரீன் கார்டில் பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் நம் ஆட்கள் பத்து வருஷத்துக்கு மேலும் வரிசையில் நிற்கிறார்கள். கேட்டால் புண்ணில்தான் கை படும். அதற்குப் பதிலாக, அங்கே காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வாத்தியார் கதை, ஹாஸ்டல் கதை எல்லாம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், இடையில் போன வருஷங்களைப் பற்றித்தான் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. "எனக்கென்னடா, அப்படியேதான் இருக்கேன்" என்று நீங்களும் மூடிக்கொள்ளாதீர்கள். தறியை விற்றீர்களா, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டீர்களா, சொல்லுங்கள். தெரிந்துகொள்ளத்தானே அவரும் வருகிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அவருடைய அப்பா அம்மாவைப் பற்றி மறைப்பது. தோட்டத்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். மாடுகளை விற்றது, அப்பா ராத்திரி மோட்டார் போடப் போய் வரப்பில் விழுந்தது, அம்மா மாத்திரையை மறந்துவிட்டு இரண்டு தடவை போடுவது, எல்லாம் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். "அவங்கிட்ட ஒண்ணும் சொல்லீராத கண்ணு, அங்க உக்காந்து வெசனப்படுவான்" என்று அந்த அம்மாவே கையைப் பிடித்துச் சொல்லியிருப்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனாலும் மகன் நேரில் இருக்கிற அந்த மூன்று வாரத்தில்தான் எதையாவது செய்ய முடியும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் 2025 ஏப்ரல் கடைசியில் ஈரோடு மாவட்டச் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்கு அப்புறம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் சரியாகத் தூங்குவதில்லை. பயமுறுத்த வேண்டாம். கேமரா வைப்பதா, ராத்திரி துணைக்கு ஆள் போடுவதா, ஊருக்குள் வீடு பார்ப்பதா என்று கூடவே உட்கார்ந்து பேசுங்கள். அந்த அம்மாவிடமும், "நான் சொல்லிட்டேனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

திரும்பிப் போகும்போது வழக்கம்போல "டச்ல இருப்போம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி நமக்குத் தோதாக இருக்கும், டல்லாஸில் அப்போது சனிக்கிழமை ராத்திரி எட்டரை. மார்ச்சில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததும் அது ஒன்பதரை ஆகும், அதற்குள் பிள்ளைகளும் தூங்கியிருப்பார்கள்.